சான் என்றால் என்ன? (800 டிஸ்க்கில் 12 போன கதை)

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவில் காலையில் வேலைக்கு வந்த வரி ஆலோசகர்களுக்கு, அந்நாட்டு வரி அலுவலகத்தின் போர்ட்டல் திறக்கவில்லை. வாடிக்கையாளர் விவரம் பார்க்க முடியாது, ரிட்டர்ன் தாக்கல் செய்ய முடியாது. வரி அலுவலகத்தின் சொந்த இணையதளமும் சேர்ந்து படுத்துவிட்டது. அங்கே பெரும்பாலான மக்கள் ஆலோசகர் மூலமாகத்தான் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். தானாகத் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு அக்டோபர் 31. ஆலோசகரிடம் போனால் அதைத் தாண்டியும் அவகாசம் உண்டு. ஆகவே டிசம்பர் என்பது ஆலோசகர்களுக்கு ஓய்வுக்காலம் இல்லை.

உடனே எல்லோருக்கும் வந்த சந்தேகம், ஹேக்கர். அதே 2016 ஆகஸ்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளம் முன்னிரவில் விழுந்து நாடே கேலி செய்திருந்ததால், சந்தேகத்தில் தப்பில்லை. ஆனால் இந்தமுறை யாரும் தாக்கவில்லை. ஒரு சான் விழுந்திருந்தது. ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக சான். தமிழில் சேமிப்பகப் பிணையம் என்று எழுதுகிறார்கள். அதில் இருந்த சுமார் 800 டிஸ்க்குகளில் 12 மட்டும் கெட்டுப்போயிருந்தன. பன்னிரண்டே பன்னிரண்டு.

எண்ணூறில் பன்னிரண்டு என்றால் ஒன்றரை சதவீதம். ஒன்றரை சதவீத வாராக்கடனுக்கு எந்த வங்கியும் மூடிக்கொண்டு போகாது. அப்புறம் ஏன் ஒரு நாட்டின் வரி அலுவலகம் நாள்கணக்கில் நின்றது? அதைப் புரிந்துகொள்ள சான் என்றால் என்னவென்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இது பி.காம். மக்களுக்காக. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் ஓரமாக நின்று தப்புக் கண்டுபிடிக்கலாம் :-)

வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழைய காலத்து சர்வர்களும் அப்படித்தான். ஒவ்வொரு சர்வருக்கும் தன் டிஸ்க் தன் வயிற்றுக்குள், அல்லது பக்கத்தில் ஒரு பெட்டியில், ஸ்கஸி என்ற பட்டையான கேபிள் வழியாக. அந்த கேபிளுக்கு நீளம் அதிகபட்சம் 12 மீட்டர். அதில் கோக்கக்கூடியது, சர்வரையும் சேர்த்து, 16 சாதனம். அவ்வளவுதான்.

இதில் என்ன சிக்கல் என்பது கணக்கு படிப்பவர்களுக்கு உடனே புரியும். ஒரு கம்பெனியில் பத்து சர்வர். ஒவ்வொன்றுக்கும் 100 ஜிபி டிஸ்க் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். எட்டு சர்வர் ஆளுக்கு 30 ஜிபிதான் பயன்படுத்துகிறது. மீதி இரண்டு நிரம்பி வழிகிறது. மொத்தத்தில் எக்கச்சக்க இடம் காலி, ஆனாலும் புது டிஸ்க் வாங்க பர்ச்சேஸ் ஆர்டர் போட்டாக வேண்டும். ஏனென்றால் காலி இடம் வேறொருவர் வயிற்றுக்குள் இருக்கிறது. முடங்கிய மூலதனம் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான்.

அதற்குக் கண்ட வழி எளிது. டிஸ்க்கை எல்லாம் சர்வர்களிடமிருந்து பிடுங்கி ஒரே அலமாரியில் அடுக்கு. சர்வர்களுக்கும் அந்த அலமாரிக்கும் நடுவே தனியாக ஒரு நெட்வொர்க் போடு. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டிக் கொடு. இந்தத் தனி நெட்வொர்க்தான் சான். (பேச்சுவழக்கில் அந்த அலமாரியையே சான் என்கிறார்கள். ரயிலைத் தண்டவாளம் என்று சொல்வது மாதிரி. ஆஸ்திரேலியர்களும் அப்படித்தான் சொன்னார்கள், ஆகவே இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.)

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் ஷேர்டு ஃபோல்டரும் சானும் ஒன்றா? இல்லை. ஷேர்டு ஃபோல்டர் தருகிற பெட்டிக்குப் பெயர் நாஸ். நாஸ் என்பது ரெக்கார்ட் ரூம் கிளார்க். "போன வருஷத்து விற்பனை ஃபைல் கொடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பார். எது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பத்துப் பேர் ஒரே ஃபைலைக் கேட்டால் வரிசையில் நிற்க வைப்பதும் அவர் வேலை.

சான் என்பது வங்கி லாக்கர். லாக்கருக்கு எண் உண்டு, உள்ளே நகை இருக்கிறதா பத்திரம் இருக்கிறதா என்று வங்கிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சான் வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டு இடத்துக்கும் லன் என்று பெயர். சர்வரைப் பொறுத்தவரை அந்த லன் தன் பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஒரு டிஸ்க். ஐம்பதாயிரமாவது கட்டத்தில் இதை எழுது, எழுபதாயிரமாவது கட்டத்தைப் படித்துக் கொடு என்று கட்ட எண் சொல்லித்தான் பேசும். ஃபைல், ஃபோல்டர் எல்லாம் சர்வர் தன் மனதுக்குள் போட்டுவைத்திருக்கும் கணக்கு. அதனால்தான் விவரம் தெரியாமல் ஒரே லன்னை இரண்டு சர்வருக்குக் கொடுத்தால் ஆளுக்கொரு கணக்கு எழுதி, ஒருவர் எழுதியதன் மேலேயே மற்றவர் எழுதி, சில நிமிடத்தில் மொத்தமும் நாசமாகிவிடும். அப்படிப் பகிர்வதற்கென்றே தனி ஃபைல் சிஸ்டம் இருக்கிறது. அது இல்லாமல் கை வைக்கக் கூடாது.

லாக்கரை யார் திறக்கலாம் என்பதற்கு இரண்டு காவல். முதலாவது ஸோனிங். எந்த சர்வர் எந்த அலமாரி வரை நடந்து போகலாம் என்பதை நடுவில் இருக்கும் ஸ்விட்ச் தீர்மானிக்கும். மற்றது மாஸ்கிங். அலமாரி வரை வந்த ஆளுக்கு எந்த லன் கண்ணில் பட வேண்டும் என்பதை அலமாரியே தீர்மானிக்கும். ஆளை அடையாளம் காண ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பாளரே தரும் 64 பிட் எண் உண்டு. அதை உலகளாவிய பெயர் என்கிறார்கள், பார்த்தால் பெயர் மாதிரியே இருக்காது.

இந்த நெட்வொர்க்கில் ஓடும் மொழி பெரும்பாலும் ஃபைபர் சேனல். 1994ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் ஏற்றுக்கொண்ட தரம். ஆங்கிலத்தில் கண்ணாடி இழைக்கு ஒரு ஸ்பெல்லிங், இந்தத் தரத்துக்கு வேறு ஸ்பெல்லிங். செம்புக் கம்பியிலும் ஓடும் என்பதால் வேண்டுமென்றே மாற்றி வைத்தார்கள். தமிழில் எழுதும்போது அந்த வம்பே இல்லை. வினாடிக்கு 1 கிகாபிட் என்று ஆரம்பித்து 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போனது. 12 மீட்டர் என்ற எல்லை கண்ணாடி இழையில் 10 கிலோமீட்டர் ஆனது.

இதன் நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாதாரண நெட்வொர்க்கில் லாரி கிளம்பி வந்துவிடும். கிடங்கில் இடமில்லை என்றால் சரக்கை வாசலிலேயே கொட்டிவிட்டுப் போகும், அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும். ஃபைபர் சேனலில் கிடங்கு முதலில் "என்னிடம் எட்டு லாரிக்கு இடம் இருக்கிறது" என்று சொல்லும். எட்டு லாரிக்கு மேல் கிளம்பாது. ஒன்று இறக்கியதும் "ஒன்று அனுப்பலாம்" என்று தகவல் போகும், அப்புறம்தான் அடுத்தது. டிஸ்க் சமாசாரத்தில் பாதி வழியில் தொலைவதை சர்வர்கள் சகித்துக்கொள்ளாது என்பதால் இந்த ஏற்பாடு. இதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்காக, அதே ஸ்கஸி பேச்சை சாதாரண ஈதர்நெட்டில் அனுப்பும் ஐஸ்கஸி என்ற முறைக்கு 2004ல் தரம் வெளியானது. சின்ன கம்பெனிகள் பல அதில்தான் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரே அலமாரியில் வைத்தால் அலமாரி விழுந்தால் என்ன ஆவது என்ற கேள்வி முதல் நாளே வந்துவிட்டது. அதனால் சானில் எல்லாமே ஜோடி. சர்வரில் இரண்டு கார்டு, இரண்டு கேபிள், ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஸ்விட்ச் கூட்டம், அலமாரியில் இரண்டு மூளை, இரண்டு மின்சார இணைப்பு. ஒரு வழி அடைபட்டால் மறு வழியில் போகும்.

டிஸ்க்குக்கு மட்டும் வேறு வைத்தியம். அதன் பெயர் ரெய்டு. 1988ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் வந்த பெயர். விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதில் மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. மலிவான டிஸ்க் சீக்கிரம் சாகும். செத்தால்?

பி.காம். படித்தவர்களுக்கு இதற்கு விடை முன்பே தெரியும். பேலன்சிங் ஃபிகர்! மூன்று கிளைகளின் விற்பனை 40, 25, 35. மொத்தம் 100. நடுக்கிளையின் ரசீதுப் புத்தகத்தை எலி தின்றுவிட்டது. கவலையில்லை. நூறிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 25 வந்துவிடும். ரெய்டு 5 செய்வது இதையேதான், கூட்டலுக்குப் பதில் வேறொரு பிட் கணக்கு, அவ்வளவே வித்தியாசம். ஒரு டிஸ்க் போனால் மற்றவற்றை வைத்துக் கணக்கிட்டுப் புதிய டிஸ்க்கில் எழுதிவிடும்.

ஆனால் எலி இரண்டு கிளைப் புத்தகத்தைத் தின்றுவிட்டால்? மொத்தம் 100, ஒன்று 40. மீதி அறுபதை இரண்டாக எப்படிப் பிரிப்பது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. இதற்காக ரெய்டு 6 இரண்டு விதமான மொத்தத்தை எழுதி வைக்கும், இரண்டு இழப்பைத் தாங்கும். மூன்றாவது போனால் அதுவும் கை விரித்துவிடும். ஆக, எத்தனை டிஸ்க் போனது என்பதைவிட, எந்தெந்த டிஸ்க் சேர்ந்து போனது என்பதுதான் விஷயம். எண்ணூறில் பன்னிரண்டு தனித்தனிக் குழுக்களில் தனித்தனி நாளில் போனால், மாற்றிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஒரே சமயத்தில் போனால் கதை வேறு.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இப்போதைய அலமாரிகளில் ஒரு லன் என்பது நாலைந்து டிஸ்க்கில் அடக்கமாக உட்கார்ந்திருப்பதில்லை. எல்லா டிஸ்க்கையும் சிறு சிறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு லன்னையும் நூற்றுக்கணக்கான டிஸ்க் மேல் தூவிவிடுவார்கள். நூறு பேர் சேர்ந்து தூக்கினால் வேகம் அதிகம் அல்லவா? வரி அலுவலகத்தில் இருந்த ஹெச்.பி.இ. நிறுவனத்தின் 3பார் வகை இதற்குப் பேர் போனது. வேகத்துக்கு அருமையான யோசனை. ஆனால் ஊர் முழுக்கத் தூவிய சரக்கில் பன்னிரண்டு இடத்தில் தீப்பிடித்தால் யாருடைய சரக்கிலும் ஒரு மூட்டையாவது எரிந்திருக்கும். ஒரு லன்னில் சிறு துளை விழுந்தாலும் அந்த டேட்டாபேஸ் எழுந்திருக்காது. ஒன்றரை சதவீதம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தொட்ட கணக்கு இதுதான்.

இனி வரி அலுவலகத்துக்குத் திரும்பலாம். 2017ல் அவர்களே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அரசாங்க அலுவலகம் ஒன்று தன் வீட்டுக் குப்பையை இவ்வளவு விவரமாக வெளியே கொட்டியது ஆச்சரியம்தான், அதற்காகவே பாராட்டலாம்.

அந்த சான் பழசு இல்லை. 2015 நவம்பரில் வந்தது, ஓராண்டு கொஞ்சம் சொச்சம்தான் வயது. பழுதின் தொடக்கம், இழுபட்டு அழுத்தத்தில் இருந்த கண்ணாடி இழை கேபிள்கள். கண்ணாடி இழையை அளவுக்கு மீறி வளைத்தால் ஒளி வளைவில் கசியும். போய்ச்சேரும் தகவலில் பிழை வரும். கம்பி அறுந்தால் உடனே தெரிந்துவிடும், இது அப்படியில்லை. இதோடு டிஸ்க்குகளுக்குள் ஓடும் மென்பொருளில் இருந்த பிழைகளும் கைகோத்துக்கொண்டன. டிஸ்க்கில் இருந்ததைப் படிக்க முடியாமல் போனது.

அறிகுறியே இல்லாமலா? அதுதான் வயிற்றெரிச்சல். 2016 மே முதல் நவம்பர் வரை 159 எச்சரிக்கைகள் பதிவாகியிருக்கின்றன. அதில் 77, பிறகு டிசம்பரில் காலை வாரிய பாகங்கள் சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றாக வந்திருக்கும், ஒவ்வொன்றாகச் சரிசெய்து மூடியிருப்பார்கள். தணிக்கை பாடத்தில் மாதிரி எடுத்துப் பார்ப்பது என்று ஒன்று வரும். அதே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அது பிழை இல்லை, முறையிலேயே கோளாறு என்று சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்படி ஒரு ஆள் இந்த 159ஐயும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்திருக்கலாம்.

அதைவிட மோசமான இன்னொன்றும் அறிக்கையில் இருக்கிறது. சான் விழுந்தால் எழுப்புவதற்கான மீட்புக் கருவிகள், நிலைமையைக் கண்காணிக்கும் மென்பொருள்கள், அவை எங்கே வைக்கப்பட்டிருந்தன தெரியுமா? அதே சானில். லாக்கர் சாவியை லாக்கருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சிரிப்பு வரும். ஆனால் வைத்தவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. "ஊரிலேயே பத்திரமான இடம் சான்" என்று வருடக்கணக்கில் சொல்லிக் கொடுத்த பிறகு, முக்கியமான பொருளை வேறு எங்கே வைப்பார்கள்?

முழு அமைப்பும் தாங்கும் திறனைவிட வேகத்துக்கு முன்னுரிமை கொடுத்து அமைக்கப்பட்டிருந்தது என்பதும் வெளிவந்தது. இதைப் படிக்கும்போது ஏதோ தொழில்நுட்ப முடிவு மாதிரி தோன்றும். உண்மையில் இது பட்ஜெட் முடிவு. எண்ணூறு டிஸ்க்கை எப்படி அடுக்குவது என்பதில், தாங்கும் திறனுக்காக ஒதுக்கும் ஒவ்வொரு டிஸ்க்கும் சரக்கு வைக்க முடியாத டிஸ்க். கொட்டேஷனில் ஒரு ஜிபிக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும்போது அந்த எண் ஏறும். இரண்டாவது ஊரில் முழு நகல் வைத்து, இங்கே விழுந்தால் அங்கே தானாக எழுந்திருக்கச் செய்யலாம். அதற்குச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர் இன்ஜினியர் இல்லை, நிதிப்பிரிவில் இருப்பவர். அதாவது இன்று காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர்.

நகல் என்றதும் ஒரு சின்ன விலகல். தூரத்தில் நகல் வைப்பதில் இரண்டு வகை. இங்கே எழுதியதை அங்கேயும் எழுதிமுடித்த பிறகே "ஆச்சு" என்று சொல்வது ஒன்று. இங்கே எழுதிவிட்டு அங்கே மெதுவாக அனுப்புவது மற்றது. முதல் வகையில் ஒரு பைசா தொலையாது, ஆனால் இயற்பியல் குறுக்கே வரும். கண்ணாடியில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 100 கிலோமீட்டர் தள்ளி நகல் வைத்தால் போய்வர 1 மில்லிசெகண்ட். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தக் காத்திருப்பு சேரும். 1,000 கிலோமீட்டர் என்றால் 10 மில்லிசெகண்ட், டேட்டாபேஸ் திணறிவிடும். ஆகவே ரொம்ப தூரம் போகிறவர்கள் இரண்டாவது வகைக்குப் போய், கடைசி சில வினாடிக் கணக்கு தொலையலாம் என்று ஒத்துக்கொள்கிறார்கள். எந்த வகையானாலும், இங்கே தப்பாக அழித்தால் அங்கேயும் விசுவாசமாக அழியும். கார்பன் காப்பியில் தப்பும் சேர்ந்தே விழும் இல்லையா, அதுபோல. நகல் வேறு, பேக்கப் வேறு.

செலவு பற்றிப் பேசும்போது இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிடலாம். தின் ப்ராவிஷனிங். பத்து சர்வருக்கும் ஆளுக்கு 100 ஜிபி தந்ததாகச் சொல்வார்கள், அலமாரியில் உண்மையில் இருப்பது 500தான். எழுத எழுதத்தான் நிஜ இடம் ஒதுக்கப்படும். கேட்டவுடன் ஏமாற்று மாதிரி இருக்கிறதா? வங்கியும் இதைத்தான் செய்கிறது. டெபாசிட் போட்ட எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கடன் கொடுக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட்டால் வங்கிக்கு என்ன ஆகுமோ அது சானுக்கும் ஆகும். இடம் தீர்ந்த நொடியில், தான் அளவோடு இருந்த சர்வருக்கும் எழுத இடம் கிடைக்காது. வித்தியாசம் என்னவென்றால் வங்கிக்கு ரொக்க இருப்பு விகிதம் என்று ரிசர்வ் வங்கி ஒன்று விதித்திருக்கிறது. சானுக்கு அப்படி விதிக்க யாரும் இல்லை. அட்மினிஸ்ட்ரேட்டர் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்படி செய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் வரி செலுத்துவோரின் தகவல் எதுவும் தொலையவில்லை, சில நாட்களில் ஒவ்வொரு சேவையாகத் திரும்ப எழுப்பினார்கள். நேரத்தை விற்றுப் பிழைக்கும் ஆலோசகர்களுக்குப் போன நாட்கள் மட்டும் எந்த பேக்கப்பிலிருந்தும் வரவில்லை.

எழுப்பிய பிறகு மூல காரணமான கேபிள்களை மாற்றும் வேலை தொடங்கியது. 2017 பிப்ரவரி 2ம் தேதி, அந்தக் கேபிள் வேலையின் விளைவாகவே சானில் செருகியிருந்த டேட்டா கார்டுகள் இடம் பிசகி, மொத்த அமைப்பும் மறுபடி படுத்துவிட்டது. போர்ட்டல் மீண்டும் திறக்கவில்லை.